தொட்டி தாங்கும் அளவு

மார்ச் 4

என் கணவரை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படுக்கையறை வாசலில் ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையவில்லை. கூடத்தில் போட்டோம். கூடத்திலும் மீன்தொட்டிக்கு எதிரே மட்டும்தான் இடம் இருந்தது.

பக்கவாதம். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: வேணாம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஷைனி, "அந்த வார்த்தைய நம்பாதீங்கம்மா. அடிபட்ட மூளையில ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கிட்டு நிக்கும். வேணும்னு நெனச்சாலும் அதுதான் வாயில வரும்" என்றார். என்ன சாப்பிட்டார், எதற்கு என்ன சொன்னார் என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு. எழுதுவது எனக்குத் தொழில். பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஊரார் பத்திரங்களை எழுதுகிறவள் நான். என்னைப் பற்றி இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை.

கஞ்சி, அரை டம்ளர். வேணாம் என்றார். கொடுத்தேன். குடித்தார்.

மார்ச் 5

மீன்களுக்குத் தீனி போட்டேன். எவ்வளவு என்று தெரியாது. ஒரு சிட்டிகை போட்டேன். எத்தனை இருக்கின்றன என்று முதல் முறையாக எண்ணினேன். பதினொன்று.

இட்லி ஒன்றரை. வேணாம், நான்கு முறை.

மார்ச் 7

உக்கடத்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜாபர் போன் செய்தார். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருகிறவர்தான். வந்தால் இவரும் அவரும் தொட்டி முன்னால் மணிக்கணக்கில் நிற்பார்கள். நான் காப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

"அக்கா, அண்ணன் ஒரு மீன் சொல்லி வெச்சிருந்தாருங்க. நீலக் கலருல, மஞ்சள் முதுகு. பௌடர் ப்ளூ டாங்னு பேரு. ரெண்டு வருசமா கேட்டுட்டு இருந்தாருங்க. இப்பத்தான் நல்லதா ஒண்ணு வந்திருக்குது. கடையில தனியா விட்டு வெச்சிருக்கேன். என்னங்க்கா பண்ணலாம்?"

இருங்கள் என்று சொல்லிவிட்டு அவரிடம் போய்க் கேட்டேன். வேணாம் என்றார்.

"வேணாங்கறாருங்க ஜாபர்."

"அண்ணனா வேணாங்கறாரு?"

ஷைனி சொன்னதை ஜாபரிடம் சொல்லவில்லை. ஒரு வேலை குறைந்தது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 10

மகள் இந்துமதி புனேயிலிருந்து வீடியோவில் பேசினாள். அப்பாவைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். தொட்டியைக் காட்டச் சொன்னாள். அதையும் காட்டினேன். "நீ எப்படிம்மா இருக்கே?" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். "அழுதியாம்மா?" என்றாள். நேரமில்லை என்றேன்.

மார்ச் 13

தொட்டியின் மூலையில் ஒரு உருளை இருக்கிறது. மீன்களின் கழிவை நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் தள்ளும். கிண்ணம் வழிந்து தரையெல்லாம் நாற்றம். ஜாபரை வரச் சொன்னேன்.

அவர் கிண்ணத்தைக் கழுவக் கற்றுக்கொடுத்தார். கடல் மீன்களுக்கான உப்பைத் தண்ணீரில் கலக்கவும், தண்ணீரைச் சோதிக்கவும் காட்டினார். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். மஞ்சளாக நின்றால் நல்லது. சிவக்கச் சிவக்கக் கெட்டது. எங்கள் குப்பி செங்கல் நிறத்தில் இருந்தது.

"தீனி அதிகமுங்க்கா. இல்லாட்டி மீன் அதிகம். அண்ணன் தண்ணி மாத்தி மாத்தி இத்தனைய வெச்சிருந்தாரு."

"இந்தத் தொட்டி எத்தனை மீன் தாங்குமுங்க?"

ஜாபர் சிரித்தார். "இதைக் கேக்காத ஆளே என் கடைக்கு வந்ததில்லீங்க. லிட்டருக்கு இத்தனைன்னு ஒரு கணக்குச் சொல்லுவாங்க. நாலடித் தொட்டி, பாறை போக எரநூறு லிட்டர் சொச்சம் இருக்குமுங்க. ஆனா அந்தக் கணக்கு நிக்காதுங்க்கா. விரல் நீளத்துல வாங்கற மீன் முழங்கைக்கு வளரும். இன்னிக்கு இருக்கற அளவைப் பாக்கக் கூடாது, வளந்து நிக்கற அளவைப் பாக்கோணும். அப்புறம், எது எதோட சண்டை போடும், எது ஒளிய இடம் கேக்கும், எது நாள் பூரா நீந்தும்னு பாக்கோணும். அப்புறம், கரண்ட் போனா என்ன ஆகும்னு பாக்கோணும்."

"எல்லாம் பாத்து எத்தனைங்க?"

"பாக்கறது யாருன்னும் இருக்குதுங்களே. அண்ணன் கையில பதினொண்ணு. எங்கையில எட்டு." என்னைப் பார்த்தார். "உங்க கையில எத்தனைன்னு நீங்கதான் சொல்லோணும்."

கட்டிலிலிருந்து அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 15

ஒண்டிப்புதூர் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "வெள்ளையடிச்சு வெச்சிருக்கறனுங்க. எப்ப வரீங்க?" அடுத்த மாதம் சொல்கிறேன் என்றேன்.

தயிர்சாதம். வேணாம், எட்டு முறை.

மார்ச் 19

தீனியைப் பாதியாகக் குறைத்தேன். குப்பி செங்கல் நிறத்திலேயே இருக்கிறது.

அவர் என்னை அடித்ததில்லை. திட்டியதில்லை. பம்பு கம்பெனியிலிருந்து வருவார், சாப்பிடுவார், ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்காருவார். எனக்குப் பழக்கமெல்லாம் அவர் முதுகுதான். இப்போது தொட்டி முன்னால் நான் நிற்கிறேன். அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. ஷைனி கேட்டது சாப்பாட்டுக் கணக்கைத்தான்.

மார்ச் 26

அவருடைய அக்கா தெய்வானை, நான் நங்கையா என்று கூப்பிடுகிற நாத்தனார், பல்லடத்திலிருந்து இரண்டு பையோடு வந்துவிட்டார். மகன் வீட்டில் இருக்கிறவர். ஒத்தாசைக்கு வந்ததாகச் சொன்னார். இரண்டு பை என்றால் ஒத்தாசை கொஞ்ச நாள் நீளும்.

மார்ச் 29

"வசந்தாமணி, இந்தத் தண்ணித் தொட்டியத் தூக்கி யாருக்காச்சும் குடுத்துட்டா அங்க எனக்கொரு கட்டில் போடலாம். நானே இருந்து எந்தம்பியப் பாத்துக்கறேன். நீ பாட்டுக்கு ஆபீசு போயிட்டு வா."

"அவரைக் கேட்டுக்கலாமுங்க நங்கையா."

நங்கையா கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்தார். "தம்பி வெள்ளிங்கிரி, இந்தத் தொட்டி இருக்கட்டுமா?"

"வேணாம்."

"கேட்டுக்கிட்டயா?"

நான் போய்க் கேட்டேன். "ஏனுங்க, தொட்டியக் குடுத்தரலாமுங்களா?"

"வேணாம்."

நங்கையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். கட்டிலில் இவர் வாயும் இடப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. நானும் சிரித்திருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டேன்.

ஏப்ரல் 6

நங்கையா என் அறையில், என் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறார். குறட்டை. அவர் மருமகள் இதுவரை ஒரு முறைகூடப் போன் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். நங்கையாவும் செய்யவில்லை.

ஏப்ரல் 11

குப்பி ஆரஞ்சுக்கு வந்திருக்கிறது. நானே தண்ணீர் மாற்றினேன். இரண்டு வாளி எடுத்து, இரண்டு வாளி விட்டேன். கை தோள்வரை தண்ணீரில். மணலைச் சலித்துத் தின்னும் வெள்ளை மீன் ஒன்று என் விரலருகே வந்து, பார்த்துவிட்டுப் போயிற்று.

ஏப்ரல் 12

வீட்டுக்கார அம்மா மறுபடி போன். வேறு ஆள் கேட்கிறார்களாம். இந்த மாதக் கடைசிவரை பொறுங்கள் என்றேன். நங்கையா, "யாரு?" என்றார். பத்திர விஷயமாக என்றேன்.

ஏப்ரல் 18

ஐந்து அண்ணன் தம்பிகளுக்குப் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டிருந்தேன். நங்கையாவிடமிருந்து போன். "வசந்தா, ஓடி வா. அவன் கீழ விழுந்துட்டான்."

ஆட்டோவில் வந்தேன். தொட்டிக்கு அடியில் ஈரத்தரையில் கிடந்தார். ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. இடது கையில் எவர்சில்வர் டம்ளரை விடாமல் பிடித்திருந்தார். சட்டை முழுக்க உப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கிப் படுக்க வைத்தோம். தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, எலும்பு முறியவில்லை என்றார்.

நங்கையா சொன்னதை எழுதுகிறேன். காலையில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டர் பாதிப் பகலுக்குள் தீர்ந்துவிட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்குப் போட்ட காற்றுமெத்தையின் பம்பையும் தொட்டி பம்போடு அதே இன்வெர்ட்டர் லைனில் மாட்டியவள் நான். பம்பு நின்றதும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்திருக்கின்றன. அவர் கத்தத் தொடங்கியிருக்கிறார்.

"வேணாம் வேணாம்னு கத்தறான். மோர் வேணாங்கறானோன்னு அதை உள்ள எடுத்துட்டுப் போனேன். விசிறிவிட்டேன், அதுக்கும் வேணாம். போர்வையை எடுத்தேன், அதுக்கும் கத்தறான். மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. எனக்கென்ன தெரியும்? டாக்டர் நம்பரைத் தேடிட்டு உள்ள போனேன். அதுக்குள்ள எப்படி எந்திரிச்சானோ, ஸ்டூல்ல ஏறி உக்காந்துட்டான். டம்ளர்ல மொண்டு மொண்டு மேல இருந்து ஊத்தறான். நான் ஓடியாரதுக்குள்ள சாஞ்சுட்டான்."

தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும். அதற்காகத்தான்.

அவர் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லவே தேவையில்லை. சொம்பை எடுத்து மொண்டு ஊற்றத் தொடங்கினேன். கை ஓய்ந்தபோது நங்கையா என் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டார். "என்ன எழவு மீனோ" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். கரண்ட் வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றினோம்.

நான்கு செத்துவிட்டன. பச்சை மீன்களில் மூன்று, கோடுபோட்ட மெல்லிய மீன் ஒன்று. ஏழு இருக்கின்றன.

என்ன தோன்றியது என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. ஒன்றும் தோன்றவில்லை. தோள் வலிக்கிறது.

ஏப்ரல் 19

வேணாம், ஒரு முறையும் இல்லை. தொட்டியின் பக்கம் திரும்பவும் இல்லை.

ஏப்ரல் 22

இதை எழுதிவிடுகிறேன். ஜனவரியில் ஒண்டிப்புதூரில் ஒரு அறை பார்த்து வைத்தேன். ஒருத்திக்குப் போதும். இந்துமதிக்குக்கூடச் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து அவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு அவர் பிறந்தநாள் முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் அவர் குளியலறையில் விழுந்தார்.

கோபித்துக்கொண்டு போக நினைக்கவில்லை. அங்கே போனால் என்ன செய்வேன் என்றும் யோசிக்கவில்லை. ஒரு கதவு, அதை நான் பூட்டலாம், நான் திறக்கலாம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 28

ஷைனி சொன்ன வழி: வாயால் கேட்காதீர்கள், படத்தைக் காட்டிக் கேளுங்கள். இந்துமதி மீன்களின் படங்களை அச்சடித்துக் கூரியரில் அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அட்டை. அந்த நீல மீனுக்கும் ஒன்று. ஜாபர் இன்னும் அதை விற்காமல் வைத்திருக்கிறார்.

கட்டிலில் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் வைத்தால் மீன் இருக்கட்டும், மற்றதில் வைத்தால் போகட்டும். ஜாபரும் வந்திருந்தார்.

"ஏனுங்க, எத்தனை வெச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

கோமாளி மீன் ஜோடி, இருக்கட்டும். பச்சை மீன்கள் இரண்டு, இருக்கட்டும். மணல் சலிக்கும் வெள்ளை மீன், இருக்கட்டும். மற்றவற்றைத் துரத்திக் கடிக்கும் கருநீல டாம்செல்லைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். அதையும் இருக்கட்டும் தட்டில் வைத்தார். "அதென்னண்ணே அந்த ரவுடிய வெச்சுக்கறீங்க?" என்றார் ஜாபர். அவர் தோளைக் குலுக்கினார். இடது தோள் மட்டும்.

மிச்சம் மஞ்சள் டாங். அவர் கையிலிருந்து நேரே தீனி வாங்கித் தின்னும் மீன். ஆறு வருடமாக இருக்கிறது, உள்ளங்கை அகலம் வந்துவிட்டது. அந்த அட்டையை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு போகட்டும் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

ஜாபர் என் பக்கம் திரும்பினார். "சரிதாங்க்கா. இருக்கறதுலயே அதுக்குத்தான் தீனி அதிகம், கழிவும் அதிகம். காத்துக்குத் தவிக்கறதும் அதுதான் மொதல்ல."

நீல மீன் அட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கையோடு சேர்த்து மெல்லத் தள்ளினார். அன்று போனில் நான் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது. அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

"ஆறு ஆச்சுங்க. சின்னதா இன்னும் ரெண்டு விடலாமுங்க்கா, இந்தத் தொட்டி தாராளமாத் தாங்கும்" என்றார் ஜாபர்.

"வேண்டாமுங்க. நான் வீட்டுல இல்லாத அன்னிக்குக் கரண்ட் போனாலும் பொழைச்சுக் கெடக்கற அளவுக்கு இருந்தாப் போதும். ஆறு."

மே 1

மஞ்சள் டாங்கைப் பிடிக்க ஜாபர் வந்தார். பாறைகளுக்குள் புகுந்து போக்குக் காட்டியது. அவரைச் சாய்வாக உட்கார வைத்தோம். எந்தப் பாறையை முதலில் எடுப்பது, எங்கே வலையை வைப்பது என்று இடது கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நான் பாறையைத் தூக்கினேன், ஜாபர் வலையைப் பிடித்தார். பிடிபட்டதும் பையில் விட்டு, அவர் மடியில் கொஞ்ச நேரம் வைத்தோம். அது பைக்குள் திரும்பித் திரும்பி நீந்தியது.

"பெரிய தொட்டி வெச்சிருக்கற ஆளாப் பாத்துத்தான் குடுப்பேனுங்கண்ணே" என்றார் ஜாபர்.

அவர் தலையாட்டினார். பிறகு சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை.

மே 3

குப்பி வெளிறிய மஞ்சள். ஜாபருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

மே 5

நங்கையா கோயிலுக்குப் போயிருந்தார். இவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். ஜனவரி மாசம் ஒண்டிப்புதூர்ல ஒரு ரூம் பாத்து வெச்சனுங்க. நான் மட்டும் போயி இருக்கறதுக்கு. நீங்க விழுகறதுக்கு முன்னாடி."

அந்தச் சொல்கூட வரவில்லை. ஒரு கன்னத்தில் நுரையோடு என்னையே பார்த்தார். கண் நிறைந்து, சோப்பு நுரையில் ஒரு கோடு இறங்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் துடைத்தேன். மீதிக் கன்னத்தையும் மழித்தேன்.

பிறகு ஷைனி பழக்கிய மாதிரி விரலைக் காட்டிக் கேட்டேன். "நான் அங்க போயிரோணும்னா ஒரு விரல் காட்டுங்க. போகக் கூடாதுன்னா ரெண்டு. தெரியலீன்னா மூணு."

இடது கையைப் போர்வைக்கு மேலே எடுத்தார். அவசரப்படவில்லை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல்.

"எனக்கும் மூணுதானுங்க" என்று நானும் விரலைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். இடப்பக்கத்தால் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நங்கையா பிரசாதத்தோடு உள்ளே வந்து, "என்ன, ரெண்டு பேரும் வெரலை நீட்டிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றார்.

மே 8

நங்கையாவிடமும் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் வெங்காயம் உரித்தார். "எனக்கும் அப்படியொரு ரூம் இருந்திருந்தா நான் எதுக்கு ரெண்டு பையத் தூக்கிட்டு இங்க வரேன்" என்றார். வெங்காயம் கண்ணைக் கரித்திருக்க வேண்டும்.

இங்கே என் அறை வாசலில் நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கட்டில் வாங்கினோம், நங்கையாவுக்கு. தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் ஒண்டிப்புதூர் போவது என்றும், அன்று நங்கையா இவரைப் பார்த்துக்கொள்வது என்றும், மீன்களுக்கு இவரே தீனி போடுவது என்றும் பேசி முடித்தோம். காற்றுமெத்தைக்குத் தனி பேட்டரி வைத்தாயிற்று. எல்லாருடைய சம்மதத்தின் பேரில். பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவோம். அவரும் தலையாட்டினார்.

மே 19

ஞாயிறு. காலை டவுன் பஸ்ஸில் ஒண்டிப்புதூர் போனேன். அறையை வேறு யாருக்கும் விடாமல் வைத்திருந்த வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, "சாமானெல்லாம் எப்பங்க வருது?" என்றார். சாமான் ஒன்றும் வராது என்றேன்.

அறையில் சுண்ணாம்பு வாசம். தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துப் பாதையில் ஒரு ரயில் போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்போது அழுகை வந்தது. அவருக்காகவா, செத்துப்போன மீன்களுக்காகவா, முதுகைப் பார்த்துக்கொண்டே போன வருடங்களுக்காகவா, தெரியவில்லை. நிறுத்தப் பார்க்கவில்லை. தூங்கியும் போனேன். எழுந்தபோது கன்னத்தில் செய்தித்தாளின் மை ஒட்டியிருந்தது. முகம் கழுவிப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெயில் இறங்கும்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். நங்கையா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உம் புருசன் டப்பாவத் தொறந்து குடுக்கக்கூட என்னைய விடமாட்டேங்கறான். டப்பாவப் புடுங்கி அவனே போடறேன்னு பாதியத் தரையில கொட்டிட்டான், பாரு." கூடமெங்கும் தீனித் துணுக்கு. எறும்பு வரிசை கட்டிவிட்டது. அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நேராகத் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், ஒன்றும் தெரியாதவர்போல.

துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். பெருக்கிக்கொண்டே அறையைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஜன்னல் என்றும், ரயில் போனால் கம்பி அதிர்கிறது என்றும், குழாயில் தண்ணீர் மெல்லத்தான் வருகிறது என்றும், அந்தக் குழாய்க்கு என்ன செய்யலாம் என்று பம்பு தெரிந்தவர் யாராவது பார்த்தால் நல்லது என்றும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவர் இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டினார்.

துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு அங்கே உட்கார்ந்தேன்.